மூடிக்கு அடியில் வெண்ணெய்

சூடு காட்டுகிற முள் நடுவில்தான் இருக்கிறது, பார்க்காதே, ரோட்டைப் பார் என்று பியூலா தன்னையே அதட்டிக்கொண்டாள், அதட்டிய கையோடு மறுபடியும் பார்த்தாள், நடுவில்தான் இருந்தது, நடுவுக்கு ஒரு மயிரிழை கீழே என்றுகூடச் சொல்லலாம், ஆனால் இப்போதுதானே மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறது, பாக்குத்தோப்பே இன்னும் முடியவில்லை, ஏற்றம் இன்னும் தன் வேலையைக் காட்டவில்லை, அதற்குள் என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது. ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை, கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக லேப் டெக்னீஷியன், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு காரை மலையிறக்கி, அங்கே ஒரு வேலையும் இல்லாமல் அதே காரை மலையேற்றிக்கொண்டு போகிறாள் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும், தேங்காய் பன் வாங்கப் போனாள் என்று சொல்லட்டும், பன்னும்தான் வாங்கியிருக்கிறது, பின் சீட்டில் சூடாக இருக்கிறது. மூன்று மணிக்கு பார்ட்டி வந்துவிடும். வண்டியைப் பார்த்து, ஸ்பேர் பார்ட்ஸுக்கு என்று கட்டி இழுத்துக்கொண்டு போய்விடும். மெக்கானிக் ராசுக்குட்டி கூட்டிக்கொண்டு வருகிற பார்ட்டி, அவள் வீட்டுக்காரர் ஞானராஜ் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்ட பார்ட்டி. அதற்குள் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து, அதன் அடிப்பக்கத்தை எல்லோர் முகத்துக்கு நேராகவும் காட்ட வேண்டும், அது சுத்தமாக இருந்தால் வண்டி அவளுடையது, வெள்ளையாக இருந்தால் பார்ட்டியுடையது, அவ்வளவுதான். ஐம்பத்தொரு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, எட்டுப் போடும்போது மூன்று தடவை கம்பத்தில் இடித்து, நாலாவது தடவை லைசென்ஸ் வாங்கி, தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார். காலையில் வீட்டில் மூடியைப் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். மலையிறங்கி வந்து பெட்ரோல் பங்க்கில் ஓரமாக நிறுத்தித் திறந்து பார்த்தபோது மறுபடியும் லேசாக வெள்ளை பூத்திருந்தது. இறக்கத்தில் இஞ்சினுக்கு என்ன உழைப்பு, சும்மா உருண்டுதானே வந்தது, அது எப்படிச் சூடாகும், ஏற்றம்தான் பரீட்சை என்று தனக்கே விளக்கம் சொல்லி, மறுபடி துடைத்து, மூடியை இறுக்கினாள். விளக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மூடியை இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தாள்.

வெண்ணெய் என்று பெயர் வைத்தது ஞானராஜ்தான். போன வெள்ளிக்கிழமை ஆயில் ஊற்றலாமென்று மூடியைத் திறந்தவர், ‘பியூலா, இங்க வந்து பாரு, வெண்ணெய் திரண்டிருக்கு’ என்று கூப்பிட்டார், என்னமோ வீட்டில் மாடு கன்று போட்ட மாதிரி. வந்து பார்த்தாள், மஞ்சள் கலந்த வெள்ளை, விரலில் எடுத்தால் வழுவழுவென்று வந்தது. ராசுக்குட்டி வந்தான், ஒரு பார்வை, ஒரே ஒரு பார்வை, ‘ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க மேடம், தண்ணியும் ஆயிலும் கலந்துருச்சுங்க, இஞ்சினப் பிரிக்கோணும், பிரிச்சாலும் இந்த வண்டிக்குக் கட்டுபடி ஆகாதுங்க’ என்றான். நல்ல பையன்தான், பொய் சொல்லத் தெரியாத முகம், அவினாசியிலிருந்து வந்து கடை போட்டு ஆறு மாசம்தான் ஆகிறது. ஆனால் ஒரே பார்வை! ஒரு ஸ்லைடை ஒரே பார்வை பார்த்து அவள் ஒருத்தருக்கு நோய் என்று எழுதியிருப்பாளா? காசநோய்க்குப் பார்க்கிற சளி ஸ்லைடு என்றால் நூறு ஃபீல்டு பார்க்க வேண்டும், மைக்ரோஸ்கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு வட்டமாக, நூறு வட்டம், நூறிலும் ஒன்றும் இல்லையென்றால்தான் நெகட்டிவ். அன்று சாயங்காலமே அவள் வேலையில் இறங்கிவிட்டாள். ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தாள், ஆயில் தேன் நிறத்தில் இருந்தது, ஒரு பொட்டு வெள்ளை இல்லை. இஞ்சின் சூட்டை ஆற்றுகிற தண்ணீர் இருக்கும் கூலன்ட் டப்பாவில், மட்டம் இருந்த இடத்தில், சாம்பிள் பாட்டிலில் ஒட்டுகிற மாதிரி, வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, தேதி, நேரம், தன் இனிஷியல் போட்டாள். ஞானராஜ் பார்த்துவிட்டு, ‘வண்டிக்கும் யூரின் டெஸ்ட்டா?’ என்று சிரித்தார். ஐந்து நாள் காலையில் பார்த்தாள், மட்டம் பிளாஸ்திரியை விட்டு ஒரு நூல் இறங்கவில்லை. தண்ணீர் ஆயிலுக்குள் போகிறதென்றால் இங்கே குறைய வேண்டாமா, குறையாத தண்ணீர் எங்கிருந்து அங்கே போய் வெண்ணெயாகத் திரண்டது? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தாள், ரத்தம் எடுக்கும்போதும் அதுதான், சோறு வடிக்கும்போதும் அதுதான். பதில் ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவ் அறையில் கிடைத்தது. கருவிகளையும் துணிகளையும் மூட்டையாகக் கட்டி ஆவியில் அவித்து எடுப்பார்கள், முழு நேரம் ஓட்டினால் மூட்டை சூட்டிலேயே உலர்ந்து மொறமொறவென்று வரும், டீ குடிக்க அவசரப்பட்டுப் பாதியில் நிறுத்தினால் சொட்டச் சொட்ட வரும், அன்றைக்கு அப்படித்தான் வந்தது, நர்ஸம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கிருந்தும் ஒழுகவில்லை. ஆவி போக நேரம் கொடுக்கவில்லை, அங்கேயே தண்ணீராகிவிட்டது. பியூலா ஈர மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஒன்றரை கிலோமீட்டர். கோத்தகிரி நவம்பர் குளிர். இந்த வண்டி தன் ஆயுசில் ஒரு நாளாவது முழுசாகச் சூடாகியிருக்கிறதா?

குஞ்சப்பனை தாண்டியதும் வண்டிகள் நின்றன. மண் சரிந்ததை அள்ளிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் நிறுத்தி அனுப்பினார்கள். முன்னால் ஒரு பஸ், அதன் பின்னால் இவள், ஏற்றத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இஞ்சின் ஓட ஓட. முள் நடுவைத் தாண்டியது. இல்லை, பார்க்கிற கோணம். இல்லை, தாண்டித்தான் விட்டது. ‘ஏத்தத்துல சூடு தாங்காம பிளாக்கே வெடிச்சுரும், மலைப் பக்கம் மட்டும் எடுத்துறாதீங்க மேடம்’ என்று ராசுக்குட்டி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தான். வெடித்தால்? நடு ரோட்டில் ஆவி பறக்க நின்றால்? பஸ்ஸிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள், யாராவது ஒருத்தர் ‘லேடீஸ் டிரைவிங்’ என்பார், ஞானராஜுக்கு போன் போட வேண்டியிருக்கும், அவர் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லமாட்டார், சொல்லாமல் இருப்பார், அது இன்னும் மோசம். அப்போது அந்த வாசனை வந்தது. இனிப்பாக. கூலன்ட் எரிந்தால் இனிப்பாக மணக்கும் என்று போனில் தேடியபோது படித்திருந்தாள். நீ ஆசைப்பட்டாய், அதனால் உன் கண்ணுக்கு நெகட்டிவாகத் தெரிந்தது, பியூலா, முன்னாலும் இப்படிச் செய்தவள்தானே நீ. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி ஸ்லைடு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது, நாற்பது ஃபீல்டு பார்த்தாள், ஒன்றும் இல்லை, சின்னராஜ், டீ ஃபேக்டரியில் வேலை, வெளியே பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தான், பாவம், இல்லாமலிருந்தால் நல்லது என்று நினைத்தாள், நெகட்டிவ் என்று எழுதிவிட்டாள். மூன்று மாசம் கழித்து இளைத்துப்போய் வந்தான். மருந்து சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டான், இன்றைக்கும் மார்க்கெட்டில் கேரட் விற்கிறான், ‘மேடம், வாங்க’ என்று வாய் நிறையக் கூப்பிடுகிறான், அவளால்தான் இருபத்து நாலு வருஷமாக அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பார்க்காமல் விட்ட அறுபதில் இருந்திருக்கிறது. முள் இன்னும் ஏறியது. இஞ்சினை அணைத்துவிடலாமா, அணைத்தால் பரீட்சை போச்சு, அணைக்காவிட்டால் வண்டியே போச்சு, கை சாவிக்குப் போய்விட்டது, அந்த நேரத்தில் முன்னால் பானெட்டுக்குள்ளிருந்து விர்ரென்று ஒரு சத்தம். ஃபேன். ரேடியேட்டர் ஃபேன் போட்டுக்கொண்டது. இரண்டு வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை, ஒன்றரை கிலோமீட்டரில் அது எப்படிக் கேட்கும். முள் தயங்கி, நின்று, தன் பாட்டுக்கு நடுவுக்கு இறங்கி வந்தது. சூடானால் ஃபேன் ஓடும், ஃபேன் ஓடினால் ஆறும், எல்லாம் அதனதன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அப்படியென்றால் இந்த இனிப்பு? திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டில் தேங்காய் பன் பொட்டலம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பியூலா வாய்விட்டுச் சிரித்தாள், மண் அள்ளிக்கொண்டிருந்தவர் ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார், பார்க்கட்டும்.

போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. ஞானராஜ்தான், வேறு யார். ஃபிரிட்ஜ் கதவில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவைத்த சீட்டைப் பார்த்திருப்பார், ‘மேட்டுப்பாளையம் போறேன். மூணு மணிக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் யாருக்கும் வண்டி இல்லை.’ மலை ரோட்டில் போன் எடுக்கக்கூடாது, எடுக்கமாட்டாள், எடுத்தால்தான் என்ன சொல்வது. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, வெடிப்பதைவிட அதுதான் அவளைப் படுத்துகிறது. ஒன்றரை கிலோமீட்டர் மட்டும் இல்லை. இன்னும் ஒன்று உண்டு. நேற்றுக் காலையில் குளிக்கும்போது வழக்கம்போல ஷெட்டில் கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம். குளிரில் வண்டி விறைத்துப் போகக்கூடாது, அவள் வந்து உட்காரும்போது கதகதப்பாக இருக்க வேண்டும் என்று ஞானராஜ் ஸ்டார்ட் பண்ணி வைப்பார், சரியாக ஐந்து நிமிஷம், பிறகு அணைத்துவிடுவார், பெட்ரோல் வீணாகக்கூடாது பாருங்கள். அவருக்கு ஓட்டத் தெரியாது. டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த மனுஷன் ரோட்டில் ஒரு ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை, பயம், கேட்டால் தலைசுற்றல் என்பார். அவள் ஓட்டுகிற வண்டியில் இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள் ஏறியதில்லை, சர்ச்சுக்கு நடந்தே வருவார், நடந்தால் உடம்புக்கு நல்லதாம், கோயமுத்தூருக்கு பஸ்ஸில் போவார், பஸ்ஸில் தலை சுற்றாதாம். ஆனால் காலையில் ஷெட்டில், யாரும் பார்க்காதபோது, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார். பெல்ட் மாட்டுவதை ஜன்னல் வழியாக ஒரு நாள் பார்த்துவிட்டு, பார்த்ததாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. நெட்டையான மனுஷன், சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் உட்கார முடியும், அதனால் தினம் காலையில் அவள் ஏறியதும் முதல் வேலை சீட்டை முன்னுக்கு இழுப்பது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், பூ வாங்கிக் கொடுத்ததில்லை, பிறந்தநாள் ஞாபகம் இருந்ததில்லை, இந்த ஐந்து நிமிஷம் ஒன்றுதான், வெந்நீர் தலையில் விழும்போது வெளியே அந்த உறுமல் கேட்டால் அவளுக்கு மனசு நிறைந்துபோகும். நேற்று சோப்பும் கையுமாக நின்றபடி கேட்டாள். ஸ்டார்ட். ஐந்து நிமிஷம். ஆஃப். பாதியில் நிறுத்திய ஆட்டோகிளேவ். ஐயோ, கர்த்தாவே. தினம் ஒரு தடவை அரைச்சூடு, அதற்குப் பிறகு ஒன்றரை கிலோமீட்டர் அரைச்சூடு, சாயங்காலம் இன்னொரு அரைச்சூடு, ஒவ்வொரு தடவையும் உள்ளே ஆவி, ஆவி ஏறி மூடியில் பட்டுத் தண்ணீர், தண்ணீர் ஆயிலோடு சேர்ந்து வெண்ணெய். வண்டியைக் கெடுத்தது இன்னதென்று கண்டுபிடித்ததில் பியூலாவுக்கு வந்த சந்தோஷம் ஒரு கை சோப்பு நுரை அளவுக்குக்கூட நிற்கவில்லை. இதை எப்படி அவரிடம் சொல்வது? குளிரால் வந்தது என்று மட்டும் சொல்லலாம், பொய்யில்லை. நீங்க சிரமப்பட வேணாம், இனிமே நானே பார்த்துக்கிறேன் என்று சொல்லலாம், பாதிப் பொய். சொல்லாமலே விட்டால் மறுபடி வெண்ணெய் திரளும். காரணத்தை மறைத்து ரிப்போர்ட் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை.

வளைவில் ஒரு லாரி எதிரே வந்தது, உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய பெரிய லாரி, ரோடு அந்த இடத்தில் ஒடுக்கம். இறங்கி வந்தபோது காலையில் எத்தனை வண்டிக்கு அவள் ஒதுங்கி நின்றாள், மலையில் அதுதான் முறை, ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் எத்தனை பெரியவரானாலும் நிற்க வேண்டும். லாரி நின்றது. பிரேக் அடித்து, மூச்சு விட்டு, அவ்வளவு பெரிய உடம்பைப் பாறையோரமாக ஒடுக்கிக்கொண்டு நின்றது, டிரைவர் கையை வெளியே நீட்டி, போங்கக்கா என்று காட்டினார். சின்ன வெள்ளைக் கார் அதன் பக்கவாட்டில் உரசாமல் நுழைந்து ஏறியது. ஏறுகிறவள் நான், எனக்குத்தான் வழி. இரண்டாவது கியர், மூன்றாவது, மறுபடி இரண்டு, இஞ்சின் குரல் மாறியிருந்தது, இந்த இரண்டு வருஷமாகத் தொண்டை கட்டிப் பேசிக்கொண்டிருந்தது, இப்போது திறந்து பேசியது. முள் நடுவில், ஆணி அடித்தாற்போல நடுவில். வெள்ளைக் காரின் புகைக்குழாயில் வெள்ளை ஆவியே இல்லை, கண்ணாடியில் பார்த்தாள், பின்னால் சுத்தமான ரோடு. அரவேணு வந்தது, மூடுபனி இறங்கியிருந்தது, மூக்குக்கண்ணாடி ஓரத்தில் ஆவி படிந்தது. இங்கே நிறுத்தி ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்துவிடலாமே, ஒரு நிமிஷம், தனியாக, தப்பாக இருந்தால் அழுது முடித்துவிட்டுப் போகலாமே என்று கை இன்டிகேட்டரைப் போட்டும் விட்டது. இது நாற்பதாவது ஃபீல்டு, பியூலா. அவள் இன்டிகேட்டரை அணைத்தாள். நூறு முடியட்டும். கழுத்தில் கட்டி வந்து ஞானராஜுக்கு சதை எடுத்து அனுப்பிய வருஷம், ரிசல்ட் வந்ததும் அவள் எக்ஸ்சேஞ்சுக்கு போன் செய்து, ஹலோ இல்லை, எதுவும் இல்லை, ‘நெகட்டிவ்’ என்ற ஒரு வார்த்தைதான் சொன்னாள், அந்தப் பக்கம் அவர் போனை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாராம், பிறகு யாரோ சொன்னார்கள். ஊருக்கெல்லாம் நெகட்டிவ் கெட்ட வார்த்தை. அவர்கள் வீட்டில் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது.

இரண்டே முக்காலுக்கு வீட்டு வாசலில் நிறுத்தினாள். மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், ஞானராஜ் மஃப்ளர் சுற்றிக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி, ராசுக்குட்டி, பக்கத்தில் கயிறும் கையுமாக பார்ட்டி. ராசுக்குட்டி ஓடி வந்தான்.

“மேடம், மலையிறங்கிப் போனீங்களாமா? சார் சொன்னதும் எனக்கு உசுரே இல்லீங்க!”

பியூலா இஞ்சினை அணைத்தாள். இறங்கி, பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். சூடு முகத்தில் அடித்தது. துணியைச் சுற்றி மூடியைப் பிடித்துத் திருகினாள். முதலில் தான் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக, பார்க்காமலே திருப்பி ராசுக்குட்டியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“பாருங்க தம்பி. பார்த்ததைச் சொல்லுங்க.”

அவன் பார்த்தான். விரலால் உள்ளே ஒரு சுற்றுத் தடவினான். முகர்ந்தான். விரலைத் தன் வெள்ளைத் துணியில் துடைத்து, அந்தத் துணியையும் பார்த்தான். ஆயில் கம்பியை உருவினான், கூலன்ட் டப்பாவில் பிளாஸ்திரியைக் குனிந்து படித்தான், சூட்டில் மட்டம் கொஞ்சம் ஏறியிருந்ததே தவிர இறங்கவில்லை. அவன் காது சிவந்துவிட்டது.

“சுத்தமா இருக்குதுங்க. அவினாசில இப்பிடி வெள்ளையாப் பார்த்தம்னா அது கேஸ்கெட்டேதானுங்க மேடம், வேற பேச்சே இல்லீங்க.”

“இது அவினாசி இல்ல தம்பி. இங்க மூடி குளிரும்.”

“ஆமாங்க,” என்றான் அவன். பிறகு மனசாரச் சொன்னான். “நான் பார்த்தது பத்தாதுங்க மேடம். ஆயில மட்டும் ஒருக்கா மாத்திக் குடுத்துர்றனுங்க. மத்தபடி வண்டி தங்கமுங்க.”

அப்போதுதான் பியூலா மூடியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. மெல்லிய ஆயில் பளபளப்பு, அவ்வளவுதான். கண் கலங்கியது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தாள்.

“நெகட்டிவ்,” என்றாள்.

ஞானராஜின் கை கேட்டிலிருந்து நழுவியது. பார்ட்டி, ‘அப்ப வண்டி இல்லீங்களா’ என்று யாரையும் கேட்காமல் கேட்டுவிட்டுக் கயிற்றைச் சுருட்டியது. ராசுக்குட்டி பார்ட்டியைத் தள்ளிக்கொண்டு போனான். வாசலில் இவர்கள் இரண்டு பேரும், சூடாக டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு அந்த வண்டியும்தான் மிச்சம்.

ஞானராஜ் பானெட் பக்கம் வந்து, பெருமை தாங்காமல் ஃபெண்டரைத் தட்டிக் கொடுத்தார். “எனக்குத் தெரியும். தினம் காலைல நான் சூடு பண்ணி வச்சேன் பாரு, அதுலதான் இஞ்சின் தாங்குச்சு.”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மூன்று பதிலும் அவளுக்கு மறந்துபோனது.

“அதுலதாங்க வெண்ணெயே வந்துச்சு.”

அவர் தட்டிய கை அப்படியே நின்றது. அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள், ஆட்டோகிளேவ், ஈர மூட்டை, ஐந்து நிமிஷம், எல்லாவற்றையும். அவர் மூடியை அவள் கையிலிருந்து வாங்கி, தன் மஃப்ளர் நுனியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை இன்னொரு தடவை துடைத்தார்.

“அப்ப, அஞ்சு நிமிஷம் பத்தாது.”

“பத்தாதுங்க.”

“எவ்வளவு வேணும்?”

“முக்கால் மணி நேரம். ரோட்டுல.”

அவர் மூடியைத் திருகி இறுக்கினார், பானெட்டை இறக்கினார், வீட்டுக்குள் போய்விட்டார். கோபம்தான், சொல்லியிருக்கக்கூடாதோ, கொஞ்சம் சுற்றி வளைத்தாவது சொல்லியிருக்கலாமோ என்று அவள் சாவியைத் திருகிக்கொண்டு நின்றாள். ஞானராஜ் ஷூ மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டைப் பூட்டினார். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்தார், முழங்கால் இடிக்க உட்கார்ந்தார், கீழே தடவிப் பார்த்து அந்தச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார், பழகின கையாக பெல்ட்டை இழுத்து மாட்டினார். முகம் வெளிறியிருந்தது. பின்னால் கையை நீட்டி தேங்காய் பன் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“குன்னூர் வரைக்கும் போனா சரியா இருக்குமா?”

“இருக்கும். ஏற்கெனவே சூடாத்தாங்க இருக்கு, இன்னைக்குப் போகணும்னு இல்ல.”

“சூடா இருக்கும்போதே எடு,” என்றார் ஞானராஜ், நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு. “ஆற விடாத.”

பியூலா ஏறி உட்கார்ந்தாள். வழக்கம்போலக் கை தானாகச் சீட்டை முன்னுக்கு இழுக்கப் போனது. சீட் அவளுடைய இடத்திலேயே இருந்தது.